பெண்கள் போகும் முடுக்கு

கார் ஹார்ன் அலறியது. காயல்பட்டினம் கடைத்தெருவில் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்த ஹில்டாவுக்குப் புரையேறியது.

“அண்ணன் கார்!”

பச்சை அம்பாஸிடர். தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ஸி நடத்தும் எபனேசரின் வண்டி. மூன்று நாளில் மூன்றாவது தடவை.

திங்கட்கிழமை நாகர்கோவில் ரிஜிஸ்தர் ஆபீஸில் அவளும் தனராஜும் கையெழுத்துப் போட்டுவிட்டால் கல்யாணம் முடிந்தது. அதுவரை அண்ணன் கையில் சிக்கக் கூடாது. “ஊர் பார்க்க வந்த புருஷன் பெண்டாட்டி மாதிரி கடற்கரை ஊராச் சுத்துவோம். எவனும் சந்தேகப்பட மாட்டான்” என்று யோசனை சொன்னவன் தனராஜ்தான்.

வியாழக்கிழமை திருச்செந்தூரில், நாழிக்கிணற்று வரிசையில் நின்றபோது கார் வந்தது. ஹில்டா பார்த்துவிட்டாள், ஓடிப்போய் பஸ் ஏறினார்கள். வெள்ளிக்கிழமை மணப்பாட்டில், மணல் குன்றின் மேல் சிலுவைக் கோயிலில் நின்று கடலைப் பார்த்தால், கீழே அதே பச்சை! மீன் லாரியில் தொற்றிக்கொண்டு தப்பினார்கள்.

“எப்படி மோப்பம் பிடிக்கான்?” என்று கேட்டாள் ஹில்டா.

“தெக்கே போனாத்தானே துரத்துவான்? திரும்பி வடக்கே காயல்பட்டினம் போயிருவோம்” என்றான் தனராஜ்.

இப்போது இங்கேயும் கார்!

“நீ இங்கனயே நில்லு. நான் பேசிக்கிடுதேன்” என்று தனராஜ் அவள் கையைப் பிடித்தான். ஹில்டா உதறிவிட்டு ஓடினாள். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு குறுகலான சந்து. நுழைந்தாள். பின்னாலேயே செருப்புச் சத்தம்.

“நில்லும்வே!” சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வெடித்தது. “பொம்பளைக போற முடுக்குல ஆம்பளைக்கு என்ன சோலி?”

“என் தங்கச்சி உள்ள போயிருக்கா...” எபனேசரின் குரல் தடுமாறியது.

“போனா வருவா. போன மாசம் ஒரு கரண்டு மீட்டர்காரன் தெரியாம கால வச்சான். எங்க மாமி மீன் கழுவுன தண்ணியாலயே குளிப்பாட்டி அனுப்புனா. உமக்கும் வேணுமா?”

செருப்புச் சத்தம் பின்வாங்கியது. இந்த ஊரில் பெண்கள் நடமாடத் தனி முடுக்கு உண்டு என்பது ஹில்டாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பாவம், ஊரைத் தேர்ந்தெடுத்த தனராஜுக்கும் தெரிந்திருக்காது.

ஒரு கொல்லைக் கதவு திறந்தது. அதட்டியவள் இவள்தான். பெயர் ருகையா.

“உள்ள வா, ஏளா. யாரு அந்தத் தடியன்?”

“என் அண்ணன். எங்கள வெட்டிப்போடுவேன்னு சொல்லியிருக்கான். அவர் தெருவுல தனியா நிக்காரு, அக்கா!”

“நீ போனா ரெண்டு பேரையும் வெட்டுவான். சும்மா இரி.”

ஹில்டா கேட்கவில்லை. வீட்டுக்குள் ஓடிக் கடைத்தெருப் பக்கத்து வாசல் கதவை அடைந்தாள். வெளியே கார்க் கதவு படாரென்று சாத்தும் சத்தம். பலகை இடுக்கில் பார்த்தாள். பத்தடி தூரத்தில் எபனேசர், தனராஜை நெருங்கிக்கொண்டிருந்தான். தனராஜ் ஓடவில்லை.

அடி விழுவதற்குள் குறுக்கே விழ வேண்டும். தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் பாதியில் நின்றது.

அண்ணன் கை ஓங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான்.

“ஏலே தனராஜு, என் ஏஜென்ஸியில நீ கேட்ட வேலைக்கு ஆர்டர் இந்தா இருக்கு; ஊர் ஊராத் தந்தியடிச்சு என்னை வரச்சொல்லிட்டு, இப்பவும் அவளைக் கோட்டை விட்டுட்டியேலே!”