போகாத உள்ளான்கள்

முதல் பட்டாசுச் சரம் வெடித்ததும் ஆற்றுத் திட்டில் ஒடுங்கியிருந்த உள்ளான் பறவைகள் மொத்தமாக எழும்பின. எண்ணூர் முகத்துவாரத்தின் மேல் வானம் அவற்றின் வயிறுகளால் ஒரு கணம் வெள்ளையாகி, அவை திரும்பியதும் கறுத்தது. ஜேக்கப் ஊதுவத்தியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தான். எங்கோ பனிநாட்டிலிருந்து வருபவை. வருஷாவருஷம் அவன் வலை வீசும் இடத்தில்தான் மேயும். இதுவரை அவற்றின் மேல் அவன் ஒரு கல்கூட எறிந்ததில்லை.

அந்த இடத்தை மண் கொட்டி நிரப்பிக் கன்டெய்னர் யார்டு கட்டப் போகிறார்கள். பறவைகள் வருகின்றனவா என்று பார்க்க இன்றைக்கு அதிகாரிகள் வருகிறார்கள்; வந்தால் யார்டுக்கு அனுமதி கிடைக்காது. ஒன்றுகூட அவர்கள் கண்ணில் படக் கூடாது என்று சொல்லித்தான் கான்ட்ராக்டர் துரை பட்டாசு மூட்டையைக் கொடுத்திருந்தான். காரியம் முடிந்தால் யார்டில் வாட்ச்மேன் வேலை, கூடவே ஈ.எஸ்.ஐ. கார்டு. கார்டு இருந்தால் மனைவி ஐரீனின் இதய ஆபரேஷனைச் செய்துவிடலாம். நாலு படி ஏறினாலே அவளுக்கு உதடு நீலம் பாய்கிறது. வலையில் வருவதோ கருஞ்சேறு.

காலையில் அவன் கிளம்பும்போது ஐரீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம ஆத்த மூடறதுக்கு நீயே போறியா?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற? உன்ன வாரிக் குடுத்துட்டு ஆத்த வச்சிகினு நான் இன்னா பண்றது?"

"எனக்கோசரம்னு மட்டும் சொல்லாத."

மேற்கொண்டு பேச அவளுக்கு மூச்சு இல்லை.

மூட்டை காலியானபோது திட்டு வெறிச்சோடிக் கிடந்தது. பாலத்தில் அதிகாரிகளின் ஜீப் வந்து நின்றதும் துரை போனில் கூப்பிட்டான்.

"சூப்பர் மாமு. ஒண்ணு கூட இல்ல. அங்கியே நில்லு."

ஆனால் தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. திட்டைச் சுற்றி, உள்ளான்கள் இரை தேடும் ஈரச் சேறு பளபளவென்று விரிந்தது. அக்கரையிலிருந்து ஒரு கூட்டம் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று.

போனில் துரை கத்தினான். ஜேக்கப் சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி சேற்றில் இறங்கி ஓடினான்.

"போங்க... அய்யோ, போய்டுங்க! உங்க காலுல வுழறேன், போய்டுங்க!"

அவை கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன. அவன் இன்னும் உள்ளே போனான். முழங்கால் புதைந்தது, பிறகு தொடை. காலை உருவ முடியவில்லை. பாலத்தில் யாரோ பைனாகுலரைக் கண்ணில் வைப்பது தெரிந்தது. கத்திக் கத்தி அவன் ஓய்ந்ததும் உள்ளான்கள் ஒவ்வொன்றாய் அவனைச் சுற்றி இறங்கின. கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று, நீண்ட மூக்கைச் சேற்றில் கண்வரை செருகி, எதையோ பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது.