பிரேக் பிடித்தபடியே ஒரு கதை

1

"சக்கரம் சுத்தவே மாட்டேங்குதுப்பா! கையால சுத்தி விட்டா அரைச் சுத்துல நிக்குது. இதை மிதிச்சுக்கிட்டா அம்மா பாலம் ஏறுறாங்க?"

"நிக்கணும். அதுக்குப் பேருதான் பிரேக்."

"பிடிச்சாதானே நிக்கணும்? பிடிக்காமலே நிக்குது. யாரு இப்படி இறுக்குனது?"

"நான்தான். அதுக்கு என்ன இப்ப? ஊரே கேக்குற மாதிரி கத்தாத."

"பிரஷர் குக்கர் மாதிரி மூச்சு விட்டுக்கிட்டு வராங்க. எனக்கு வயசாயிடுச்சு, எனக்கு வயசாயிடுச்சுன்னு தினமும் புலம்புறாங்க. நீங்க பேப்பரைப் பிரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க!"

"வேகமாப் போனா விழுவா. மெதுவாப் போனா வீட்டுக்கு வருவா. அவ்ளோதான்."

"அப்பா, இது லிஃப்ட் இல்ல. சைக்கிள்!"

இதற்கு என் கணவர் ஒரு பதில் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. தைரியம் வந்தால் கீழே எழுதுகிறேன்.

நான் அப்போது குளியலறையில் இருந்தேன். தலையில் சோப்பு. குவளையைச் சத்தமில்லாமல் வாளிக்குள் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. இந்தக் கதை பிறந்த இடம் அதுதான். நல்ல கதைகள் எங்கே பிறக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்தக் குழுவில் இதுவரை மற்றவர்கள் எழுதியதற்குக் கருத்துச் சொல்லி மட்டுமே பழக்கம்.

2

முதலில் கதையை இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"நாற்பது வயதான அவன், தூசி படிந்த தன் பழைய சைக்கிளை வாஞ்சையுடன் தடவிப் பார்த்தான். அந்தக் காலை வேளையில் இளந்தென்றல்"

அத்தோடு விட்டுவிட்டேன். தென்றலும் அடிக்கவில்லை, வாஞ்சையும் இல்லை. அது என் மகள் ஸ்கூட்டர் வாங்கியபின் மாடிப்படிக்குக் கீழே போட்டுவைத்த சைக்கிள். சீட்டில் ஒட்டடை. தடவினால் கைதான் அழுக்காகும்.

ஏன் 'அவன்' என்று எழுதினேன்? ஐம்பத்தொரு வயதுப் பெண், பருமனானவள், சைக்கிள் ஓட்டுகிறாள் என்றால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். தெருவில் சிரிக்கிறவர்கள் போதாதா?

(சிரித்தவர்களைப் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுதி அழித்துவிட்டேன். எல்லோரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் "ஆன்ட்டி, சூப்பர்!" என்றான். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.)

சரி, நானே வருகிறேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. உட்கார்ந்தால் மதியம்தான் எழுவேன். ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். "மெதுவா வாங்கம்மா, வண்டி எங்கயும் போயிடாது" என்றார். நல்ல மனிதர். பஸ்ஸில் இருந்த எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்தபின் அடுத்த இரண்டு நிறுத்தம்வரை என்னால் டிக்கெட் கேட்க முடியவில்லை. வாய் திறந்தால் காற்றுதான் வந்தது.

அந்த வாரமே சைக்கிளை வெளியே எடுத்தேன்.

3

வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு ரயில் மேம்பாலம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அது ஏறுகிறது என்பதே தெரியாது. சைக்கிளில் போனால்தான் அது மலை.

பாலத்தில் ஒரு விளக்குக் கம்பம். அதில் 'முப்பதே நாளில் சரளமாகப் பேசலாம்' என்று ஒரு நோட்டீஸ், பாதி கிழிந்தது. தினமும் அந்தக் கம்பத்துக்கு வரும்போது தொடை நடுங்கும், காது அடைக்கும், நெஞ்சு கதவைத் தட்டுகிற மாதிரி தட்டும். இறங்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சரளமாகப் பேசுவது இருக்கட்டும், "ஒண்ணுமில்லை" என்று ஒரு வார்த்தை வராது. பிறகு தள்ளிக்கொண்டே ஏறுவேன்.

முதல் வாரம் போகப்போகச் சரியாகும் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் இன்னும் மோசமானது. மூன்றாவது வாரம், ஓய்வுநாளில் சமதரையில் ஓட்டும்போதே மூச்சு வாங்கியது. புத்தி தப்பான பக்கம் ஓட ஆரம்பித்தது.

என் அக்கா ஐம்பத்திரண்டு வயதில் மாடிப்படி ஏறும்போது "ஒரு நிமிஷம்" என்று சொல்லி உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

(கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேரா என்று நீங்கள் கேட்கலாம். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று லிஃப்ட் ஓடவில்லை என்று எழுதினால் கதை கச்சிதமாக இருக்கும். எழுதியும் பார்த்தேன். ஆனால் அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. வெறும் இரண்டு மாடி.)

அக்காவை நினைத்துப் பயப்படுவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் "வயசாயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். அது சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய வார்த்தை.

4

இப்போது கணவரை என்ன செய்வது?

இரண்டாவது வரைவில் அவரை வில்லனாக்கினேன். மனைவி வெளியே போவது பிடிக்காத மனிதர், திருட்டுத்தனமாக ஸ்பேனர் எடுத்து, வாரம் ஒரு திருகு இறுக்குகிறார். எழுதும்போது ஜோராக இருந்தது. படித்தபோது அது அவரே இல்லை. பழைய செயினுக்கு எண்ணெய் போட்டது யார்? சீட்டுக்குக் கிழியாத உறை தேடி நாலு கடை ஏறினது யார்? "மணி அடிச்சுக்கிட்டே போ, வெக்கப்படாத" என்றது யார்?

அவர் தொழிலைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடுவார்: லிஃப்டில் பிரேக் எப்போதும் பிடித்தபடியேதான் இருக்கும். மின்சாரம் வந்தால்தான் விடும். மின்சாரம் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும். "கெட்டுப்போனாலும் பிடிச்சுக்கிட்டுக் கெட்டுப்போகணும். விட்டுட்டுக் கெட்டுப்போகக் கூடாது" என்பார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். நான் வாய்க்குள்ளேயே கூடச் சொல்வேன்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு சைக்கிள் கிடைத்தால்? பிரேக் கட்டை ரிம்மைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஒவ்வொரு ஓய்வுநாளும் துடைக்கிற சாக்கில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறார்.

எனக்கும் சூடு போடவேண்டும். ஃபிரேம் மயிரிழை கோணினாலும் கண்டுபிடிக்கிற கண் இது. சக்கரத்தைக் குனிந்து ஒரு தடவை பார்க்கவில்லை. குறை என் உடம்பில்தான் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

5

தைரியம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இதை எழுதாமல் கதை நகராது.

"அப்பா, இது லிஃப்ட் இல்ல. சைக்கிள்!" என்று மகள் கத்தியதற்கு அவர் சொன்னது இது:

"உங்க பெரியம்மா படியில உக்காந்தப்ப நீ ஹாஸ்டல்ல இருந்த. தூக்குனவன் நான். அந்தக் கனம் இன்னும் கையிலேயே இருக்கு. இன்னொரு தடவை என்னால தூக்க முடியாது."

அதன்பிறகு திருகைத் தளர்த்துகிற ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

ஆக, இருவருக்கும் ஒரே பயம். நான் "வயசாயிடுச்சு" என்று சொல்லி மறைத்தேன். அவர் திருகை இறுக்கி மறைத்தார்.

6

பிரேக்கைத் தளர்த்தியாகிவிட்டது. கதை சுபமாக முடியவேண்டியதுதானே?

அன்றிலிருந்து நான் சைக்கிளைத் தொடவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி பஸ்ஸில் போகிறேன். யோசித்துப் பாருங்கள். இதுவரை பாலத்தில் மூச்சு வாங்கியதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இனி மூச்சு வாங்கினால் அந்தக் காரணம் இல்லை.

நேற்று சாயங்காலம் அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். பின்சக்கரத்தைச் சுண்டிவிட்டார். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாரு, எவ்ளோ நேரம் சுத்துது."

"ம்."

"முன்னாடி நான்தான் கொஞ்சம் இறுக்கி…"

"தெரியும்."

"பாப்பா சொன்னாளா?"

"குளிக்கிறவளுக்குக் காது இல்லையா?"

சக்கரம் இன்னும் நிற்கவில்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்போ முழுசாக் கேட்டுட்ட" என்றார்.

"கேட்டேன்."

"நெஞ்சு கிஞ்சு வலிக்குதா உனக்கு? நெசமாச் சொல்லு."

"வலி இல்ல. மூச்சுதான். அக்கா ஞாபகம் வருது. அதான் முழங்கால் வலின்னேன்."

அவர் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த ரிம்மை மறுபடி துடைத்தார். "திங்கட்கிழமை டாக்டர்ட்ட போலாம். நான் லீவு போடுறேன்."

"சரி" என்றேன்.

"அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ஒண்ணு வருது" என்றேன் மறுபடி நானே. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"பாலத்துக்கா?"

"காலையில வண்டி வராது. காலியா இருக்கும்."

"நான் மேல போய் நிக்கவா?"

"நீங்க நின்னா உங்களுக்காக மிதிப்பேன். அது வேணாம்."

அவர் ஸ்பேனரை என் கையில் வைத்தார். "அப்போ இதை நீயே வச்சுக்கோ. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: கம்பத்தை எப்போது தாண்டினாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பாலத்தின் உச்சியில் காற்று. வேண்டாம் என்று சொல்லியும் அவர் அங்கே தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறார். (நன்றாக இருக்கிறது. அதனால்தான் நம்பிக்கையில்லை.)

இரண்டாவது முடிவு: கிழிந்த நோட்டீஸ் தெரிகிறது. தொடை நடுங்குகிறது. அவள் இறங்கி, கம்பத்தைப் பிடித்து

மூன்றாவது முடிவு: அவள் ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. டாக்டர் பார்த்தபின் போகலாம் என்று சைக்கிளை உள்ளே வைத்தாள். இதுதான் புத்திசாலித்தனமான முடிவு. இதை எழுதியதும் பஸ் கண்டக்டரின் விசில் காதில் கேட்டது.

இரண்டாவதை முடிக்க எனக்குக் கை வரவில்லை. நடுவில் வெட்டிய வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

இன்று சனிக்கிழமை. கடையில் சாப்பாட்டு நேரம். இதைப் போனில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஸ்பேனர் கைப்பையில், கண்ணாடி துடைக்கும் துணிகளுக்கு நடுவே கனமாகக் கிடக்கிறது. நாளைக் காலைக்கு என்னிடம் முடிவு இல்லை, அதனால் கதைக்கும் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என் வயதில், என் எடையில் மறுபடி சைக்கிள் எடுத்தவர்கள் இங்கே யாராவது இருப்பீர்கள். முதல் மேட்டில் உங்களுக்கு எப்படி மூச்சு வாங்கியது? காது அடைத்ததா? பேச்சு வந்ததா? இறங்கி நின்றபின் எவ்வளவு நேரத்தில் அடங்கியது? எது சாதாரண மூச்சு, எது இல்லை என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறேன். ஆனால் அவர் ஒல்லி, காரில் வருகிறவர்.

நடை நன்றாக இருக்கிறது, முடிவு பிரமாதம் என்றெல்லாம் எழுத வேண்டாம். மூச்சைப் பற்றி மட்டும் எழுதுங்கள். இன்று சாயங்காலத்துக்குள் எழுதுங்கள். படித்துவிட்டுத்தான் டயருக்குக் காற்றடிப்பேன்.