இரண்டு பொட்டணங்கள்

மோகனப்பிரியாவுக்குக் கட் ஆஃப் நூற்று எண்பத்தேழரை வந்தது. அவிநாசியில் எங்கள் வீதியில் அந்த வருஷம் அதுதான் அதிகம். கூட்டுறவுச் சங்கத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள், "கம்ப்யூட்டர் சயின்ஸ் கண்ண மூடிட்டு வாங்கிறலாமுங்க" என்றார்கள். நானும் தலையாட்டினேன். என் மகள் கேட்டது மெக்கானிக்கல்.

அது திடீர் ஆசையல்ல. பத்தாவது முடித்த விடுமுறையில் பொழுதுபோகாமல், கணபதியில் அவள் தாய்மாமன் வைத்திருக்கும் லேத் பட்டறைக்குப் போனாள். பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் போனாள். ஒருமுறை தானே கடைந்த, வளையம் போன்ற பித்தளை புஷ் ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, "மைக்ரோமீட்டர் வெச்சுப் பாத்துட்டேனுங்கப்பா. மாமன் கடைஞ்சதுக்கும் இதுக்கும் ஒரு முடி வித்தியாசமில்லீங்க" என்றாள். நல்லாயிருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

கவுன்சிலிங்குக்கு விருப்பப் பட்டியல் போடும் நாளில் மெக்கானிக்கலை மேலே வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பொம்பளப் புள்ள கிரீஸ்ல கைய உட்டுட்டு நின்னா நாலு எடத்துல நான் என்னன்னு சொல்றது கண்ணு?"

"இஞ்சினியர்னு சொல்லுங்கப்பா. பொய்யா?"

"மொதல்ல கம்ப்யூட்டர்ல சேந்துக்க. ஒரு வருசம் முடிஞ்சா பிரிவு மாத்திக்கலாமாமா. அப்பவும் உனக்கு இதேதான்னா நானே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"சத்தியமாங்கப்பா?"

"அப்பங்கிட்டயே சத்தியம் கேக்கறயா?"

சிரித்தாள். பட்டியலை அவளே மாற்றி அடுக்கினாள். கோவைக்கு மேற்கே ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. விடுதியில் சேர்த்தோம்.

ஒரு வருஷத்தில் தோழிகள் சேர்வார்கள், பேச்சு மாறிவிடும் என்று நினைத்தேன். மாறவில்லை. பிரிவு மாற வேண்டுமானால் அரியர் இருக்கக் கூடாது, சராசரி எட்டுக்கு மேல் வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் விதி. அவள் எட்டு புள்ளி ஒன்பது வாங்கினாள். படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"ஆபீஸ்ல ஒரே சிரிப்புங்கப்பா. மெக்கானிக்கல்ல இருந்து கம்ப்யூட்டருக்கு வர்றதுக்கு எம்எல்ஏ லெட்டரோட நிக்கறாங்க, நீ என்ன பாப்பா ஏறின பஸ்ஸுல இருந்து எறங்கறேங்கறயேன்னு கேட்டாங்க. அங்க பாதி பெஞ்சு காலியாத்தான் கெடக்குதாமா. வெள்ளிக்கெழம கடைசி. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"ஏனுங்க, சொன்ன சொல்லுக்குப் போட்டுக் குடுத்துருங்க" என்றாள் என் மனைவி சாந்தாமணி. அடுப்படியிலிருந்து பேனாவும் எடுத்து வந்தாள்.

அந்த மாதம்தான் என் அக்கா, திருப்பூரில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள். பையன் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தான். படிப்பு முடியட்டும், பொறுத்திருக்கிறோம் என்றார்கள். பெண் கம்ப்யூட்டர்தானே என்று இரண்டு தடவை கேட்டார்கள். ஆமாங்க என்று நான் இரண்டு தடவையும் சொல்லியிருந்தேன். மகளிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போடறேன். ஆத்தாகிட்ட ஒரு பூவு கேட்டுட்டுப் போடறேன்" என்றேன்.

எங்கள் பக்கம் கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் பூ கேட்பது வழக்கம். ஒரு பொட்டணத்தில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை அரளி. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் வாக்கு. மறுபேச்சு கிடையாது. அம்மன் சொன்னதற்கு அப்பன் பொறுப்பல்ல. அந்த வசதிக்காகத்தான் நான் அதைச் சொன்னேன்.

வியாழக்கிழமை, தாராபுரத்துக்குத் தெற்கே அமராவதிக் கரையோரம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு மூவரும் போனோம். "சிவப்பு வந்தா மெக்கானிக்கலுங்கப்பா" என்று மோகனா சொன்னாள். அவளுக்குப் பயமே இல்லை. ஆத்தா என் கட்சி என்று வழியெல்லாம் அம்மாவைச் சீண்டிக்கொண்டு வந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் போய்ப் பொட்டணம் கட்டியது நான். சிவப்பு அரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு பொட்டணத்திலும் வெள்ளையை வைத்து நூல் சுற்றினேன்.

பூசாரிதான் எடுப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ, "புள்ள படிப்பு சமாச்சாரம். பெத்தவளே எடுக்கட்டுமுங்க" என்றார். சாந்தாமணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். அவள் வலக்கை முதலில் வலப்பக்கம் போனது, பிறகு இடப்பக்கம் வந்தது. உதடு எதையோ முணுமுணுத்தது. இடப்பக்கத்தை எடுத்தாள்.

பிரித்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா கேக்கலாமுங்களா சாமி?" என்றாள்.

"அது ஆத்தாளச் சந்தேகப்படற மாதிரி ஆயிப்போகுமுங்க" என்றார் பூசாரி.

மற்ற பொட்டணத்தை நானே எடுத்துப் போய் ஆற்றில் விட்டேன். சட்டைப் பையில் இருந்ததையும் விட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மோகனா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காங்கயம் தாண்டிய பிறகு படிவத்தை நான்காக மடித்து அம்மாவின் பைக்குள் செருகினாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. "உடுங்கப்பா. நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

இரண்டாம் வருஷத்தில் அரியர் விழுந்தது. முதலில் இரண்டு, பிறகு நான்கு. "மண்டையில ஏறவே மாட்டேங்குதுங்கப்பா" என்று போனில் சொன்னபோது, "ஆத்தா குடுத்த படிப்பு கண்ணு, ஏறாமப் போயிருமா" என்றேன். இதை நான் சொன்னேன். வாய் கூசவில்லை.

மூன்றாம் வருஷம் நவம்பரில் அரியர் பரீட்சை எழுதப் போனவளுக்குக் காய்ச்சல். வார்டனிடம் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பரீட்சை போய்விடும் என்று நான்கு நாள் மாத்திரை போட்டுக்கொண்டே எழுதியிருக்கிறாள். எங்களிடம் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். நான்காம் நாள் பரீட்சை ஹாலிலிருந்து இறங்கும்போது படியில் விழுந்தாள். டெங்கு. கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தம் ஏற்றி, மூன்றாம் நாள் போய்விட்டாள். இருபது வயது.

ஜனவரியில் என் போனுக்கு ரிசல்ட் வந்தது. எழுதிய நான்கிலும் பாஸ்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் அக்கா வந்திருந்தாள். அவள் பேரன் நவநீத் பிளஸ் டூ முடித்திருக்கிறான். எந்தப் பிரிவு எடுப்பது என்று அப்பனும் மகனும் பேச்சில்லாமல் இருக்கிறார்களாம்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு பூவு கேட்டுப்போடலாம்னு இருக்கறோம். ஒரு மாத்தமா இருக்கும், நீங்களும் வாங்க. ஊட்டுக்குள்ளயே கெடந்து என்னத்தக் கண்டீங்க" என்றாள் அக்கா.

சாந்தாமணி அவளுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். இடக்கையில் டம்ளரைப் பிடித்து, வலக்கை விரலால் தொட்டும் தொடாமலும் நீட்டினாள். கொஞ்ச நாளாக அவள் யாருக்கு எது கொடுத்தாலும் இப்படித்தான் கொடுக்கிறாள்.

"நான் வரலீங்க நங்கையா" என்றாள் நாத்தனாரிடம். "பூவெடுத்த என்ற கை அந்தப் பக்கம் இருக்கவே கூடாது."

"அட, அதுக்கு நீ என்ன பண்ணுவ அம்மணி? ஆத்தா குடுத்தது."

"ஆத்தா ரெண்டையும்தானுங்க வெச்சா. கை மொதல்ல வலப்பக்கந்தான் போச்சு. நாந்தான் மாத்துனேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். "ஏந்தம்பி, நீயாச்சும் இவளுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா? இப்படியே நெனச்சுட்டிருந்தா என்னத்துக்கு ஆகறது?"

"சொல்லிட்டேதானுங்கக்கா இருக்கறேன்" என்றேன்.

"அவரு பாவமுங்க நங்கையா" என்றாள் சாந்தாமணி. "வேற ஆம்பளைன்னா இத்தன நாளைக்கு என்னையக் குத்திக்காட்டியே கொன்னுருப்பாங்க. இவரு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கொற சொன்னதில்லீங்க."

கோயிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று நான் அக்காவைக் கேட்டேன்.