சிவப்புக் கொடிக்குப் பிறகு

சின்னப்பாவுக்கு எழுபது வயது நிறைந்தபோது மோட்டார் கிளப்பே முன்வந்து பாராட்டு விழா எடுத்தது. அழைப்பிதழைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு மனைவி மௌரீனுக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவர்கள் போர்த்தும் சால்வை நமக்கு எதற்கு என்றாள். போகத்தான் போகிறேன் என்றார் அவர்.

பெங்களூரில் கார்ப் பந்தயச் செய்தி என்றால் ஒரு காலத்தில் சின்னப்பாதான். எந்த மைதானத்தில் புழுதி கிளம்பினாலும் அல்சூரிலிருந்து ஸ்கூட்டரில் போய், ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக வளைவோரம் நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டே ஓட்டுவது யார் என்று சொல்லிவிடுவார். அவர் எழுதிய நேரத்தில் ஒரு நொடி பிசகு கண்டவர் கிடையாது.

1991-ல், ஓசூர் ரோட்டுப் பக்கத்து மண் தடத்தில் அது நடந்தது. பயிற்சி முடிந்து சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள். வளைவில் சரிந்து கிடந்த டயர்களை அடுக்க மெக்கானிக் கணேசமூர்த்தி உள்ளே இறங்கினான். கிளப் தலைவரின் மகன் நரேஷ், நண்பர்களுக்கு வித்தை காட்ட இன்னொரு சுற்று எடுத்தான். சின்னப்பா கத்தியது அவன் காதில் விழவில்லை. கணேசமூர்த்தி அந்த இடத்திலேயே செத்துப்போனான்.

குடித்துவிட்டுத் தடத்தில் இறங்கினான் என்று கிளப் சொன்னது. கொடி காட்டியவனும் அதையே சொன்னான். சின்னப்பா கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுத்தார்; ஆசிரியர் அதைப் போடவில்லை. ஆனாலும் விஷயம் கிளப்புக்கு எட்டிவிட்டது. அடுத்த பந்தயத்தில் வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை. பிறகு பத்திரிகையிலும் அவருக்கு வேலை இல்லாமல் போனது. வேலிக்கு வெளியே, கடலை விற்பவர்களோடு நின்று பந்தயம் பார்த்தார். உள்ளே கோப்பையைத் தூக்கிக் காட்டும் நரேஷைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பல் நறநறக்கும். இவனை ஊரறியத் தலைகுனிய வைக்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

இப்போது தலைவர் நாற்காலியில் நரேஷ். பழைய ஆளை மேடையேற்றினால் பத்திரிகைகளில் நல்ல பெயர் வரும் என்பது அவன் கணக்கு.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு சின்னப்பா பொம்மனஹள்ளிக்குப் போய், கணேசமூர்த்தியின் மனைவி சாந்தகுமாரியைத் தேடிப் பிடித்தார். கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை அவளுக்கு. உன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசப் போகிறேன், நீ முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

விழாவில் நரேஷ் அவருக்குச் சால்வை போர்த்தி, அங்கிளிடமிருந்துதான் நாங்கள் உண்மை பேசக் கற்றுக்கொண்டோம் என்றான். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து சின்னப்பா மைக் முன்னால் போனார். பந்தயச் செய்தி வாசிக்கும் அதே நிதானத்தில் தொடங்கினார்.

"மணி மூணு நாப்பது. சிவப்புக் கொடி. மூணு நாப்பத்தாறு. மெக்கானிக் கணேசமூர்த்தி டயர் அடுக்க உள்ள போறார். குடிக்கல. நான் பக்கத்துல நின்னேன். மூணு நாப்பத்தொம்பது. நரேஷ் ஓட்டின கார் திரும்பவும் தடத்துக்கு வருது."

நரேஷ் எழுந்து அவர் முழங்கையைப் பிடித்தான். "பேடா அங்கிள். இங்க வேணாம்," என்று முணுமுணுத்தான்.

யாரோ மைக்கை அணைத்தார்கள். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. கடைசி வரிசைவரை எட்டியது. நரேஷின் முகம் வெளுப்பதை அவர் ஆசை தீரப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். அவன் பின்வாசல் வழியாக வெளியேறினான்.

வெளியே நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு சாந்தகுமாரி வந்தாள். கும்பிடப் போகிறாள் என்று நினைத்தார் சின்னப்பா.

"குடிச்சிட்டுப் போய் விழுந்தான்னு என் மாமியார் சாகற வரைக்கும் என்னைத்தான் சார் திட்டினாங்க. நானும் அவரைத் திட்டினேன். படத்துக்குப் பூக்கூடப் போடல," என்றாள். "உங்களுக்குத் தெரியும். பன்னெண்டு வருஷம் என் வீட்டுக்கு வரணும்னு தோணலியா?"

"என்னையும் வெளிய தள்ளிட்டாங்கம்மா."

"அதுக்குத்தான் பழி வாங்கினீங்க. எனக்காகன்னு சொல்லாதீங்க."

சின்னப்பா தோளிலிருந்த சால்வையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நரேஷை நினைக்காத நாளில்லை. இவள் ஞாபகம் வந்தது முன்வரிசைக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான்.

சொன்னதையெல்லாம் கையெழுத்துப் போட்டு எழுதித் தரவேண்டும் என்றாள். திங்கட்கிழமை இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பழைய கேஸ், நிற்பது சந்தேகம் என்றார் இன்ஸ்பெக்டர். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார். அதே வாரம் நரேஷ் தலைவர் பதவியை விட்டு விலகினான் என்று பேப்பரில் வந்தது. சின்னப்பா அதை இரண்டு தடவை படித்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை.

எழுதிக் கொடுத்ததில் ஒரு நகலைச் சாந்தகுமாரி கேட்டிருந்தாள். அதைக் கொடுக்க மறுபடி பொம்மனஹள்ளிக்குப் போனார். வாசலில் நின்றபடியே வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.