சட்டை மட்டும் ஃபெர்மினுடையது

சட்டையைப் பார்த்து எவுலாலியா அழவில்லை. காலரைத் திருப்பி, தான் பச்சை நூலில் போட்ட தையலை எனக்குக் காட்டினாள்.

"என் தம்பி ஃபெர்மினோடதுதான் டாக்டர். எலும்பைக் குடுங்க, ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணணும்."

அரிசோனா பாலைவனத்தில் கிடைக்கும் எலும்புகளுக்குப் பெயர் தேடுவது என் வேலை. ஷெரிஃப் அலுவலகத்து ஹால்வர்சன், ஓர் ஓடையில் எலும்போடு கிடைத்த சட்டையை வைத்தே முடிவுகட்டி, மெக்சிகோவின் தெற்கிலிருந்து அவளை வரவழைத்திருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தம்பிக்கு என்ன வயசு?"

"எல்லை தாண்டக் கிளம்பினப்பவே நாப்பதுக்கு மேல."

மேசையில் கிடந்தவனின் காறை எலும்பு முனை இன்னும் ஒட்டத் தொடங்கவில்லை. இடுப்பெலும்பின் விளிம்பும் முழுதாகச் சேரவில்லை. இருபதைத் தொடாத பிள்ளை. சொன்னேன்.

"சட்டை அவனுது, எலும்பு வேற ஆளுதா? விளையாடறீங்களா?" அவள் குரல் உடைந்தது. "யாரோடதா இருந்தா என்ன, குடுங்க. எங்கம்மா கண்ண மூடறதுக்குள்ள ஒரு கல்லறையாவது வேணும்."

"இவனையும் ஒரு அம்மா தேடிக்கிட்டிருப்பா, எவுலாலியா."

 சட்டையை மடித்துக்கொண்டே முணுமுணுத்தாள். "இந்தப் பையன் குளிர்ல நடுங்கியிருப்பான். என் தம்பி கழட்டிக் குடுத்திருப்பான். மடையன்."

அப்படியென்றால் ஃபெர்மினும் அந்த ஓடைப் பக்கம்தான் எங்கோ கிடக்க வேண்டும். ஹால்வர்சனைக் கூப்பிட்டேன்.

"அந்த ஓடைய ஏற்கெனவே தேடியாச்சு ரெனாட்டா. முடியற கேஸ நீயே இழுக்கற. மறுபடி அனுப்ப என்கிட்ட ஆள் இல்ல."

போனை வைத்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை தன்னார்வலர்கள் இருவரோடு நானும் எவுலாலியாவுமே போனோம். கோடை மழை ஓடை மணலைப் புரட்டிப் போட்டிருந்தது. முள்ளும் கல்லுமாக உச்சிவெயில்வரை தேடினோம். கிடைத்தது ஒரு கொயோட்டி நரியின் தாடை. எவுலாலியா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

திரும்பி வந்ததும் டிஎன்ஏ சோதனைக்கு எச்சில் கொடுத்தாள். ஹால்வர்சன் என்னிடம் கேட்டிருந்தால் இதுதான் முதலில் நடந்திருக்கும்.

"கெடைக்கிற எலும்போடெல்லாம் ஒப்பிட்டுப் பாருங்க," என்றாள். "ஆனா நிச்சயமாத் தெரியாம இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

இன்றுவரை நான் கூப்பிடவில்லை.