சைக்கிள் கொட்டகைக்குக் கேரட்டோடு போனவன்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு வாராவாரம் ஒரு கூட்டம் நடக்கிறது. அதை நடத்தும் நர்ஸ் ரீத்வா, கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் கதை எழுதுறியே, எங்க ஆளுங்களுக்கு ஒண்ணு எழுதிக் குடேன். ஓட்ஸ் கஞ்சி வரணும், கேரட் வரணும், நடைப்பயிற்சி வரணும். கடைசியில அவன் சிகரெட்டை விட்டுடணும்."

"சரி, கதை?"

"அதான் சொல்லிட்டேனே."

2

முதல் தொடக்கம்: "ஊர்ஹோ ஒருநாள் காலையில் எழுந்ததும், இனிமேல் புகைப்பதில்லை என்று—"

பொய். அந்த மாதிரி முடிவையெல்லாம் மனிதன் படுக்கப் போகும்போதுதான் எடுப்பான். காலையில் எழுந்து முதல் வேலையாகப் பற்றவைப்பான்.

இரண்டாவது: "பின்லாந்தின் கொக்கோலாவில் கடல் உறைந்து கிடந்த—"

கடலை விடுங்கள். அது வசந்தம் வரை அங்கேயேதான் கிடக்கும்.

மூன்றாவதுதான் தேறியது. ஊர்ஹோவுக்கு இடுப்பு மூட்டை மாற்றியாக வேண்டும். ஊதுகிற ஆளுக்குக் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊர்ஹோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், தனிக்கட்டை. வாடகை மிச்சம் என்று அவனை எங்கள் அடுக்ககத்திலேயே குடிவைத்தேன். இங்கே பால்கனியில் புகைக்கத் தடை. ஆகவே அவனும் மாடிவீட்டு சிர்க்காவும் கீழே சைக்கிள் கொட்டகையோரம் நின்று ஊதுவார்கள். சிர்க்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அன்று எந்தப் பயணி எந்த நிறுத்தத்தில் சண்டை போட்டான் என்று அவள் சொல்ல, அவன் சிரிப்பான். ஊர்ஹோவின் ஒரு நாளைக்கான பேச்சு மொத்தமும் அங்கேதான் நடக்கும்.

(மாடிப்படியில் பார்த்துப் பேசலாமே என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வரும் சத்தம் கேட்டால், அது அடங்கும்வரை நாங்கள் கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்போம். அதுதான் எங்கள் ஊர் மரியாதை.)

3

ஊர்ஹோ சிகரெட்டை விட்டான். ஆனால் ரீத்வா (நர்ஸுக்கு வேறு ஆள் தேடாமல் அவளையே கதைக்குள் இழுத்துவிட்டேன்) அளந்து பார்த்தால் ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. அறுவை சிகிச்சை தள்ளிப் போனது.

"ஒளிஞ்சு ஊதுறீங்களா?"

"சத்தியமா இல்ல சிஸ்டர்."

"என்ன சாப்பிடுறீங்க?"

"கறுப்பு ரொட்டி, மீன், உருளைக்கிழங்கு. நீங்க சொன்ன கஞ்சியும்தான்."

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினான். அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"சல்மியாக்கி! எவ்வளவு?"

"ஒரு பை. சில நாள் ரெண்டு."

"கேட்டப்ப சொல்லலையே?"

"நீங்க சாப்பாட்டைத்தானே கேட்டீங்க?"

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: சல்மியாக்கி என்பது அதிமதுரச் சாறும் நவச்சாரமும் சேர்ந்த உப்பு மிட்டாய். தொண்டைக்கு நல்லது என்று உங்கள் வீட்டிலும் அதிமதுரம் இருக்கும், இருக்கட்டும். பை பையாகத் தின்றால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். எங்கள் ஆட்கள் அதை உணவுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மூச்சு விடுவதை யார் கணக்கு வைப்பார்கள்? ஊர்ஹோ பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

"இனி அதைத் தொடக் கூடாது. வாய் நமநமன்னா கேரட்டை நீளமா நறுக்கி வச்சுக் கடிங்க, கைக்கும் வேலை. வயித்தைக் காயப் போடாதீங்க, பசியும் சிகரெட் ஆசையும் கூட்டுக் களவாணிங்க. தண்ணி குடிங்க. காபியைக் கொறைங்க, காபி வந்தா சிகரெட் ஞாபகமும் வரும்."

"காபியையுமா? அதுக்கு நான் நொண்டிக்கிட்டே இருந்துடுறேன்."

4

பலித்தது. கேரட்டைக் கடித்தான், கஞ்சியைக் குடித்தான், தடியூன்றி மெல்ல நடந்தான். ரத்த அழுத்தம் இறங்கியது. அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

ரீத்வாவுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

"பிரமாதம்! இங்கயே நிறுத்திடு."

நிறுத்தியிருப்பேன். ஆனால் ஊர்ஹோ திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கொட்டகையைப் பார்க்கிறான். கீழே சிர்க்கா தனியாக ஊதிக்கொண்டிருக்கிறாள். அவனுக்குச் சத்தான உணவெல்லாம் கொடுத்துவிட்டு, பேச இருந்த ஒரே ஆளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது எனக்கு இது உறைக்கவே இல்லை. இப்போது வலிக்கிறது.

5

ஆகவே கேரட்டோடு அவனைக் கீழே அனுப்பினேன்.

"யாருய்யா இது! போய்ச் சேந்துட்டன்னு நெனச்சேன்."

"கேரட் வேணுமா?"

"முயல் வளக்குறியா?"

"நான்தான் முயல்."

சிர்க்கா சிரித்தாள். சிரிப்போடு புகையும் வந்தது. ஊர்ஹோவின் மூக்கு அதைத் துரத்திக்கொண்டு போனது, கையும் தானாக நீண்டது. அவள் பார்த்துவிட்டாள். சட்டென்று சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"போயிடு ஊர்ஹோ. இங்க நின்னா ஊதிடுவ. ஆபரேஷன் கெட்டுடும்."

"போறேன்."

போகவில்லை.

(இங்கே மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அவன் ஓர் இழுப்பு இழுக்கிறான். ரீத்வா என்னோடு பேச்சை முறித்துக்கொள்வாள். இன்னொன்றில் சிர்க்காவும் கேரட் கடிக்கிறாள், கோடையில் கல்யாணம். கதை எழுதச் சொன்னால் பஞ்சுமிட்டாய் சுற்றுகிறாயா என்று நீங்களே கேட்பீர்கள். மூன்றாவதில் அவன் மேலே போய்விடுகிறான். புது இடுப்பு, சுத்தமான நுரையீரல், பேச ஆளில்லாத நீண்ட ஆயுள். எனக்குப் பயமாக இருப்பது இதுதான்.)

நான் கிழித்துக்கொண்டிருக்கும்போதே ஊர்ஹோ வாயைத் திறந்துவிட்டான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இத்தனை நாளா நான் சிகரெட்டுக்காகவா இங்க வந்துட்டிருந்தேன்னு நெனச்ச?"

எங்கள் ஊரில் இதில் பாதியைக்கூடச் சொல்லாமல் திருமண நாள் பொன்விழாக் கொண்டாடியவர்கள் இருக்கிறார்கள்.

6

சிர்க்காவின் பதிலைப் பலமுறை எழுதினேன். "பைத்தியக்காரா" என்று போட்டேன். செல்லமா, திட்டா என்று எனக்கே பிடிபடவில்லை, அடித்தேன். "குளிருது, மேல போய்—" என்று ஆரம்பித்து, மேலே யார் வீட்டுக்கு என்று தெரியாமல் விட்டேன்.

ரீத்வா போனில் நச்சரிக்கிறாள். "விட்டானா, இல்லையா?"

விட்டுவிட்டான் அம்மா. இப்போது தவித்து நிற்பது அவன் அல்ல, அவள்.

உங்களில் யாரையாவது ஒருவர் இப்படிக் கேட்டிருப்பார், நீங்களும் எதையோ முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அவள் என்ன சொல்வாள் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். சிர்க்காவின் சிகரெட் எரிந்து விரலருகே வந்துவிட்டது. சீக்கிரம் சொல்லுங்கள்.