பெயரில்லாத பதினைந்து ஜிபி

வருடக் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் துடைப்பத்தைக் கீழே வைக்க மாட்டார்கள். அந்தச் சுத்த வெறியில்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

நலக் கூடத்து மாடியில் நாங்கள் ஐந்து பெண்கள், பார்வையற்றவர்களுக்குப் பிரெயில் புத்தகம் தயாரிக்கிறோம். ஏப்ரலில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் கோதொனே என்ற பெண்ணின் கணக்குப் பாடநூல் கையில் இருந்தது. ஏழு மாத உழைப்பும் ஒரு பழைய மடிக்கணினியில்தான். பிரெயில் புள்ளிகளை அச்சிடும் மென்பொருளும் அந்தக் கணினியோடு வந்தது. இன்று அது விற்பனையில் இல்லை.

ஜன்னல்களைத் துடைத்த கையோடு கணினிக்குள்ளும் பார்த்தேன். டிஸ்கில் பெயரே இல்லாமல் பதினைந்து ஜிபி அளவில் ஒரு பகுதி. திறக்கவும் முடியவில்லை, நீக்கவும் விடவில்லை. இணையத்தில் ஒரு கட்டளையைத் தேடிப் பிடித்து, பிடிவாதமாக நீக்கினேன். மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

மறுநாள் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. பிறகு கறுப்புத் திரைதான்.

மின்சாதனக் கடை எகாஷிரா வந்து பார்த்தார். "தொகுனாகா-சான், மெஷின் விழுந்தா தானா எழுந்திருக்க உள்ளேயே மறைவா ஓர் இடம் வெச்சிருப்பாங்களே, அது எங்க?"

"பெருக்கித் தள்ளிட்டேன்."

"தீயணைக்கிற சிலிண்டரை, அழுக்கா இருக்குன்னு குப்பையில போட்டாப்ல!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பாடம் பத்திரமாத்தான் இருக்கும். டிஸ்கைக் கழற்றி வேற கணினியில மாட்டி நகல் எடுக்கிறேன். அச்சு மென்பொருள்தான் சிக்கல். இதே மாடல் வெச்சிருக்கிற யாராவது மீட்பு பென்டிரைவ் செஞ்சிருந்தா உண்டு."

இதே மாடல் ஒருவரிடம் இருந்தது. முன்பு எங்கள் குழுவில் இருந்த குசபா-சானிடம். குழுவுக்கு ஒரே நாளில் இரண்டு வாங்கினோம். ஒன்று, அவர் வீட்டிலிருந்தே பக்கங்களைத் தயாரிக்க. மூன்று வருடம் முன்பு, "உங்க பக்கத்தைத் திருத்தறதுக்கு நானே புதுசா எழுதிடலாம்" என்று எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னேன். அன்றே அவர் விலகினார்.

தெருமுனையில் வழிப்போக்கரைக் காக்கும் ஜிசோ சாமி சிலையின் முன் கை கூப்பிவிட்டு, ஒரு பை ஆரஞ்சோடு போனேன்.

குசபா-சான் பையைத் தூக்கிப் பார்த்தார். "மூணு கிலோ இருக்குமா? வருஷத்துக்கு ஒரு கிலோ. பரவாயில்ல."

குனிந்து, நடந்ததைச் சொன்னேன். "அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்."

"பொய். கணினிக்காக வந்தீங்க."

"ஆமா. ஆனா வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் குத்திக்கிட்டே வந்துச்சு."

அவர் தையல் பெட்டியிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். வாங்கிய நாளிலேயே, கையேட்டில் சொன்னபடி செய்து வைத்திருந்தாராம். கொடுத்து அனுப்பியிருக்கலாம். கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

எகாஷிரா பென்டிரைவைச் செருகப் போனார். குசபா-சான் அவர் கையில் தட்டினார்.

"இதை ஓட்டினா டிஸ்கை முழுக்க அழிச்சிட்டு வாங்கின நாள் மாதிரி ஆக்கிடும். நகல் எடுத்தாச்சா?"

"நேத்தே எடுத்தேன், அக்கா."

"திறந்து பார்த்தீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

நகலெடுத்த அத்தியாயங்களை ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஆறாம் அத்தியாயம் திறக்கவில்லை. பாதியில் அறுந்த நகல். பார்க்காமல் பென்டிரைவை ஓட்டியிருந்தால், கோதொனேவின் புத்தகத்தில் அந்த அத்தியாயமே இருந்திருக்காது. பழைய டிஸ்கிலிருந்து மறுபடி எடுத்தோம். இந்த முறை திறந்தது. அதன் பிறகுதான் குசபா-சான் பென்டிரைவைச் செருக விட்டார்.

ஒரு மணி நேரத்தில் கணினி புதிதாய் எழுந்தது. நான் நீக்கிய அந்தப் பகுதியும் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. பாடத்தை ஏற்றி, அச்சு இயந்திரத்தை இயக்கினோம். தடதடவென்று முதல் தாள் வெளியே வந்தது. இறைவனுக்கு நன்றி சொன்னேன். அவர் அனுப்பியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் எத்தனை அத்தியாயம் எழுதப் பாக்கி?" என்றார் குசபா-சான்.

"ரெண்டு."

"ஒண்ணை இப்படித் தள்ளுங்க."

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் எட்டாம் அத்தியாயத்தை எடுத்து அவர் முன் வைத்தேன்.